அறிமுகமும் ஒரு முதல்தான்

வேலை தேடுவோருக்கும் சிறுதொழில் செய்வோருக்குமான பாடம்

இப்பாடத்தின் நோக்கம்: வேலையும் வாடிக்கையாளரும் யார் வழியாக நம்மிடம் வருகிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ளுதல், இடப்பெயர்வினால் அறுந்துபோன அறிமுகங்களை மீண்டும் கட்டியெழுப்புதல், அதற்குக் கைத்தொலைபேசியையும் இணையத்தையும் பாதுகாப்பாகப் பயன்படுத்துதல்.

1. படிவத்தில் எழுதாத இழப்பு

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றிடம் இழப்பு விபரம் கேட்டால் வீடு, காணி, கிணறு, மாடுகள், நீரிறைக்கும் இயந்திரம், விதைநெல் என்று வரிசையாகச் சொல்வார்கள். படிவங்களிலும் இவற்றுக்குத்தான் இடம் விடப்பட்டிருக்கும். எந்தப் படிவத்திலும் இடம்பெறாத இழப்பு ஒன்றும் உண்டு. அதுதான் அறிமுகம்.

ஊரில் இருந்தபோது வெங்காயம் கிண்டியதும் யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று நமக்குத் தெரியும். சந்தையில் நிறையில் ஏமாற்றாத வியாபாரி யார், கூலியைப் பிறகு வாங்கிக்கொள்ளும் லொறிக்காரர் யார், போகம் முடியும்வரை உரத்தைக் கடனுக்குத் தரும் கடைக்காரர் யார் என்பதும் தெரியும். அவர்களுக்கும் நம்மைத் தெரியும். "இன்னாருடைய மகன்" என்ற ஒரு சொல்லே நமக்குப் பிணையாக நின்றது.

1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் இடத்துக்கு இடம் பெயர்ந்து முகாம்களை அடைந்தார்கள். ஒவ்வொரு முறையும் வியாபாரி ஒரு திசையில், லொறிக்காரர் ஒரு திசையில், கடைக்காரர் ஒரு திசையில் என்று போய்விட்டனர். காணி திரும்பக் கிடைத்தாலும் அந்தத் தொடர்புகள் தாமாகத் திரும்பி வருவதில்லை. அவற்றை நாம்தான் தேடிக் கட்ட வேண்டும்.

2. வேலை யார் வழியாக வருகிறது?

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர், பொஸ்ரன் நகருக்கு அருகிலுள்ள நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "இந்த வேலை பற்றி உமக்குச் சொன்னவர் யார்? அவரை அக்காலத்தில் எவ்வளவுக்குச் சந்திப்பீர்?" 1973 இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் விடை இருக்கிறது. தெரிந்தவர் வழியாக வேலை பெற்றோரில் 16.7 வீதத்தினர் மட்டுமே அடிக்கடி சந்திக்கும் ஒருவரிடமிருந்து அச்செய்தியைப் பெற்றிருந்தனர். 55.6 வீதத்தினருக்கு இடையிடையே சந்திப்பவரும், 27.8 வீதத்தினருக்கு மிக அரிதாகச் சந்திப்பவரும் அச்செய்தியைச் சொல்லியிருந்தனர்.

காரணம் எளிது. நம்மோடு ஒரே வளவில் இருப்பவருக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். நமக்கு வேலை இல்லாத காலத்தில் அவருக்கும் பெரும்பாலும் வேலை இராது. தூரத்தில் இருப்பவர் வேறு மனிதர்களோடு பழகுகிறார். நமக்கு எட்டாத செய்தி அவருக்கு எட்டுகிறது.

2003 இல் தொடங்கப்பட்ட லிங்க்ட்இன் என்ற இணையத்தளம் தொழில் அறிமுகங்களுக்கென்றே உருவானது. அதைப் பயன்படுத்திய சுமார் 2 கோடிப் பேரின் தொடர்புகளை 2015 முதல் 2019 வரை ஆராய்ந்த முடிவுகள் 2022 இல் வெளிவந்தன. ஓரளவு தூரத்து அறிமுகங்களே வேலை மாறக் கூடுதலாக உதவின என்று அவையும் காட்டின. கணினியும் இணையமும் குறைவாகப் புழங்கும் துறைகளில் நெருங்கிய தொடர்புகளே கூடுதலாக உதவின என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே தோட்டமும் கைத்தொழிலும் செய்யும் நாம் நெருங்கியவர்களையும் கைவிடாமல், தூரத்தவர்களையும் தேட வேண்டும்.

3. மறுமுனையில் ஓர் ஆள் வேண்டும்

கேரளத்தின் வடகரைக் கடற்கரையில் 1997 ஜனவரி 14 அன்று காலை 11 மீனவர்கள் தாங்கள் பிடித்த சாளை மீனை வாங்க ஆளின்றி நின்றார்கள். அதே வேளை 15 கிலோமீற்றருக்குட்பட்ட வேறு கரைகளில் 27 பேர் வாங்க மீன் கிடைக்காமல் நின்றார்கள். இவர்கள் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் நிற்பது இவர்களுக்குத் தெரியாது. பொருளியலாளர் றொபேட் ஜென்சன் 2007 இல் இதை எழுதினார்.

அதன்பின் 2001 வரையான காலத்தில் அப்பகுதிக்குக் கைத்தொலைபேசி சேவை படிப்படியாக வந்தது. மீனவர்கள் கடலில் இருந்தபடியே பல கரைகளுக்குப் பேசி விலை கேட்டார்கள். மீன் வீணாவது நின்றது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 வீதம் கூடியது. வாங்குவோருக்கு விலை 4 வீதம் குறைந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தொலைபேசி கையில் இருந்தால் மட்டும் போதாது. பேசினால் பதில் சொல்ல ஒவ்வொரு கரையிலும் ஓர் ஆள் இருக்க வேண்டும். நம்மில் பலரிடம் இன்று கைத்தொலைபேசி இருக்கிறது. அதில் நாம் பேசும் இலக்கங்கள் எத்தனை? அவற்றில் நம் ஊருக்கு வெளியே இருப்பவை எத்தனை?

4. பட்டியல் எழுதுவோம்

ஒரு கொப்பியை எடுத்துக் குடும்பமாக இருந்து எழுதுங்கள். ஐந்து தலைப்புகள் போடலாம்.

அ. பழைய ஊரில் தொழில் தொடர்பு வைத்திருந்தவர்கள்.
ஆ. முகாமிலும் நலன்புரி நிலையத்திலும் பக்கத்தில் இருந்தவர்கள்.
இ. பள்ளியில் உடன் படித்தவர்கள், பிள்ளைகளின் ஆசிரியர்கள்.
ஈ. கமநல சேவை நிலையம், கூட்டுறவுச் சங்கம், மாதர் சங்கம் வழியாகத் தெரிந்தவர்கள்.
உ. வேறு மாவட்டத்திலும் வெளிநாட்டிலும் உள்ள தூரத்து உறவினர்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் இப்போது எங்கே, என்ன செய்கிறார், இலக்கம் யாரிடம் கிடைக்கும் என்று எழுதுங்கள். முகாமில் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்றவர் இன்று வவுனியாவில் கடை வைத்திருக்கலாம். வயதானவர்களையும் பெண்களையும் கேட்காமல் பட்டியலை முடித்துவிடாதீர்கள். ஆண்களுக்கு நினைவில்லாத பல பெயர்கள் அவர்களிடம் இருக்கும்.

5. என்ன சொல்லிப் பேசுவது?

பலருக்கு இங்கேதான் கூச்சம். நெடுங்காலம் நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு இன்னொருவரிடம் வாய் திறந்து கேட்பதே வெறுப்பாகிவிடுகிறது. ஆனால் செய்தி கேட்பது கையேந்துவது ஆகாது. செய்தி சொல்பவருக்கு அதனால் குறைவதும் இல்லை. நாளை அவருக்கு ஒரு செய்தி தேவைப்பட்டால் நாமும் சொல்வோம்.

"ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கோ" என்றால் கேட்பவருக்கு ஒன்றும் நினைவில் நிற்காது. உதாரணமாக ஒரு தாய் இப்படிப் பேசலாம்:

"தம்பி, சுகமாய் இருக்கிறியளோ? மகன் தண்ணி இறைக்கிற மெசினும் மருந்தடிக்கிற மெசினும் திருத்துவான். மூண்டு வருசம் கராச்சில நிண்டு பழகினவன். உங்கட பக்கம் ஆள் தேவையெண்டால் சொல்லுங்கோ. ஆரைக் கேட்டால் தெரியும் எண்டும் சொல்லுங்கோ."

என்ன தெரியும், எங்கே பழகினார், என்ன வேண்டும் என்பவை இதில் தெளிவாக உள்ளன. கடைசி வசனம் முக்கியமானது. அவரிடம் வேலை இல்லாவிட்டாலும் இன்னொரு பெயர் கிடைக்கும்.

வேலை தேடுபவர் ஒரு பக்கச் சுயவிபரக் கோவையும் வைத்திருக்க வேண்டும். "தொழில்: விவசாயம்" என்று ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். எத்தனை ஏக்கர், என்ன பயிர், எத்தனை கூலியாட்களை வைத்து வேலை செய்வித்தீர்கள், எந்த இயந்திரங்களை இயக்கத் தெரியும் என்று எழுதுங்கள். சான்றிதழ் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அனுபவத்தில் கற்ற தொழிலைப் பரீட்சித்து, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது. இதுபற்றி உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

6. இணையத்தில் நம் பொருள்

முகநூல் பக்கமும் வட்ஸ்அப் குழுவும் பெரியதொரு சந்தை வாசலைப் போன்றவை. அங்கே பலர் கடந்து போவார்கள். நின்று வாங்குபவர் நம்மைப் பற்றி ஒருவர் நல்லது சொல்லக் கேட்டவராக இருப்பார். ஆகவே முதலில் பட்டியலில் உள்ள 20 பேருக்குச் செய்தி அனுப்புங்கள். அவர்கள் வாங்கித் திருப்தியடைந்தால் மற்றவருக்கும் சொல்வார்கள்.

விளம்பரத்தில் இருக்க வேண்டியவை: பொருள், நிறை, விலை, எந்த நாளில் கிடைக்கும், ஊர், தொலைபேசி இலக்கம். உங்கள் பொருளையே காலை வெளிச்சத்தில் படம் எடுங்கள். பிறருடைய படத்தைப் போட்டால் பொருள் கைக்குப் போனதும் பெயர் கெட்டுவிடும். மிளகாய்த்தூள், ஒடியல் மா போன்றவற்றைப் பொதி செய்து விற்பவர்கள், சுட்டியில் என்னென்ன எழுத வேண்டும் என்பதைப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிய வேண்டும்.

முடியாத அளவுக்கு ஓடர் எடுக்க வேண்டாம். 10 கிலோ அரைக்க முடிந்தால் 10 கிலோ என்றே சொல்லுங்கள். கேட்பவருக்கு அன்றைக்கே பதில் சொல்லுங்கள்.

7. எச்சரிக்கை

நம்மைத் தேடுபவர்களில் ஏமாற்றுக்காரரும் இருப்பார்கள். இணையத்தில் வந்த வேலை விளம்பரத்தை நம்பித் தாய்லாந்து வழியாகப் போன இலங்கையர் சிலர், மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, 2024 இல் மீட்கப்பட்டார்கள்.

- வெளிநாட்டு வேலைக்கு முற்பணம் கேட்டால், கொடுக்குமுன் அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேளுங்கள். தொலைபேசி இலக்கம் 1989.
- சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யலாம் என்பவரை நம்ப வேண்டாம்.
- தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் வங்கி அட்டை விபரத்தையும் எவருக்கும் சொல்ல வேண்டாம்.
- அடையாள அட்டையின் படத்தையும் பிள்ளைகளின் படங்களையும் விளம்பரத்தில் போட வேண்டாம்.

குழுவாகக் கலந்துரையாடுக

1. இடப்பெயர்வுக்கு முன் உங்கள் விளைச்சலை வாங்கியவர்களில் எத்தனை பேரின் இருப்பிடம் இன்று உங்களுக்குத் தெரியும்?
2. நம் குழுவில் ஒருவருக்குத் தெரிந்த வேலைச் செய்தி மற்றவர்களுக்குப் போய்ச் சேராமல் நின்ற சந்தர்ப்பம் உண்டா? ஏன் அப்படி நேர்ந்தது?
3. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் தெரியாதவருக்குத் தொலைபேசி இலக்கம் கொடுக்கத் தயங்கினால், சங்கத்தின் பொது இலக்கம் ஒன்றைப் பயன்படுத்தலாமா?

செய்து பாருங்கள்

அடுத்த கூட்டத்துக்கு முன் பட்டியலிலிருந்து ஐந்து பேருடன் பேசுங்கள். அவர்களில் மூவராவது நீங்கள் ஒரு வருடத்துக்கு மேலாகப் பேசாதவர்களாக இருக்கட்டும். முதல் பேச்சில் சுகம் விசாரியுங்கள். அவருக்கு என்ன தேவை என்றும் கேளுங்கள். கிடைத்த செய்திகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்களுக்கு உதவாத செய்தி பக்கத்தில் இருப்பவருக்கு உதவக்கூடும்.