பணம் கட்டியும் திறக்காத போட்டோஷாப்

கேள்வி: கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். போன மாதம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, முறையாகச் சந்தா கட்டித்தான் போட்டோஷாப் போட்டேன். திறந்தால், லைசென்ஸ் சர்வரோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. யூடியூப் ஓடுகிறது, மெயில் வருகிறது. இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி போட்டும் பலன் இல்லை. விண்டோஸையே மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அதற்கு முன் ஒரே ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். பெயர் ‘ஹோஸ்ட்ஸ்’. மற்றதெல்லாம் வருகிறது, இது மட்டும் வரவில்லை என்றால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். கம்ப்யூட்டரில் தேதி தவறாக இருந்தாலும் லைசென்ஸ் தகராறு வரும். ஆனால் அப்போது பெரும்பாலும் யூடியூப்பும் சேர்ந்து படுத்துவிடும்.

ஒரு தளத்தின் ஐபி எண் என்னவென்று வெளியே டிஎன்எஸ் சர்வரிடம் கேட்பதற்கு முன், விண்டோஸ் இந்த ஃபைலைத்தான் பார்க்கும். இதில் எண் இருந்தால் அதுவே முடிவு. இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட் காலத்துப் பழக்கம் இது. அன்று எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரே பட்டியலாக இருந்தன. மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொள்வார்கள். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வகுத்தார். பட்டியல் போயிற்று, ஃபைல் தங்கிவிட்டது.

முன்பு அந்தக் கம்ப்யூட்டரை வைத்திருந்தவர் திருட்டு போட்டோஷாப் போட்டிருக்கக்கூடும். லைசென்ஸ் சோதனையை ஏமாற்றும் ‘கிராக்’ போடும்போது, போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபியின் லைசென்ஸ் சர்வர் பெயர்களை ஹோஸ்ட்ஸில் எழுதி, ஒவ்வொன்றின் முன்னாலும் 127.0.0.1 என்று போட்டுவிடுவார்கள். அந்த எண்ணுக்கு ‘இதே கம்ப்யூட்டர்’ என்று அர்த்தம். போட்டோஷாப் அடோபியைக் கூப்பிடும். கூப்பிட்ட குரல் உங்கள் மேஜையைத் தாண்டாது. போட்டோஷாப்பை எத்தனை முறை அழித்தாலும் அந்த வரிகள் அழியாது. யாரோ செய்த திருட்டுக்குப் பணம் கட்டிய நீங்கள் அவதிப்படுகிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

நோட்பேடை வலது கிளிக் செய்து, ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறங்கள். ‘ஓப்பன்’ போய், சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று ஒன்றுக்குள் ஒன்றாக இறங்குங்கள். ஃபோல்டர் காலியாகத் தெரியும். பதற வேண்டாம், கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் ஹோஸ்ட்ஸ் வந்து நிற்கும். டெஸ்க்டாப்பில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். # குறியில் தொடங்கும் வரிகளால் பாதகமில்லை. அடோபி பெயர் உள்ள மற்ற வரிகளை நீக்குங்கள். கடைசிவரை உருட்டிப் பார்ப்பது முக்கியம்: பக்கம் பக்கமாக வெற்று வரி விட்டு, அடியில் ஒளித்து எழுதுவதும் உண்டு. சேவ் செய்யும்போது பெயரின் பின்னால் ‘டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொள்ளக் கூடாது. சேவ் ஆக மறுத்தால் ப்ராப்பர்டீஸில் ‘ரீட் ஒன்லி’ டிக்கை எடுங்கள். பிறகு ரீஸ்டார்ட்.

இதையெல்லாம் செய்யத் தயக்கமாக இருந்தால், அடோபியே இதற்காக ‘லிமிடெட் ஆக்சஸ் ரிப்பேர் டூல்’ தருகிறது. அவர்கள் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அப்படியும் திறக்கவில்லை என்றால், விண்டோஸ் ஃபயர்வாலின் ‘அவுட்பவுண்ட் ரூல்ஸ்’ பகுதியில் அடோபியைத் தடுக்கும் விதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தப் பிழைக்காக விண்டோஸை மாற்றத் தேவையில்லை. ஆனாலும் கடைக்காரர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். ஹோஸ்ட்ஸில் கைவைக்க அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி வேண்டும். அதைப் பெற்ற கிராக் வேறு எதை உள்ளே விட்டுப் போயிருக்கிறதோ, சொல்ல முடியாது. அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படங்கள் இருக்கும் கம்ப்யூட்டர் அது. இப்போதைக்கு வரிகளை நீக்கி, கைவசம் உள்ள ஆல்பங்களை முடித்துக் கொடுங்கள். அதுவரை அதில் பேங்க் வேலை வேண்டாம். ஆடியில் முகூர்த்தம் இல்லாத நாட்களில், படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.