விடுமுறை மாதத்தில் ஒரு கல்லூரி ஊர்

மல்லேசுவரம், பெங்களூர்.

சிரஞ்சீவி மருமகனுக்கு,

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் வீடு வாங்கிக் குடியேறலாமா என்று கேட்டு எழுதியிருந்தாய். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கட்டியும், கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தும் பெங்களூரில் நீ அடைந்திருக்கும் சலிப்பை நான் அறிவேன். ஆயினும் அந்தச் சலிப்போடு வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிடாதே.

1920-இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரி, 1929-இல் பல்கலைக்கழகமாக விரிவடைந்ததன் பயனாக, ரயில் நிலையத்துக்குக் கிழக்கே உருவான ஊர் அண்ணாமலைநகர். நம் வீட்டருகிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகமும், ஆட்டோக்காரர்கள் இன்றைக்கும் டாடா இன்ஸ்டிடியூட் என்றே சொல்லும் அதே ஸ்தாபனந்தான், 1909-இல் தோன்றியபோது நகரத்துக்கு அப்பால்தான் இருந்தது. பின்னர் நகரம் வளர்ந்து அதைத் தன்னுள் அடக்கிக்கொண்டபடியால், மல்லேசுவரத்தின் ஜீவனம் அதை நம்பி நிற்கவில்லை. அண்ணாமலைநகரின் நிலை வேறு. நிதி நெருக்கடி முற்றி, 2013-இல் மாநில அரசு பல்கலைக்கழகத்தை ஏற்க நேர்ந்து, உபரி என்று கணக்கிடப்பட்ட ஊழியர் பலர் பின்னர் வெவ்வேறு அரசு அலுவலகங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஒரு குடும்பம் அப்படிப் பெயர்ந்தால் பால்காரர் முதல் வீட்டுச் சொந்தக்காரர் வரை அதன் பாதிப்பை உணராமலிருக்க முடியுமா?

ஆகையால் கல்லூரி விடுமுறையான மே மாதத்தில் போய்ப் பார். நான் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறேன். பரீட்சைக் காலத்தில் நள்ளிரவு வரை விளக்கெரியும் ஜெராக்ஸ் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருக்க, உள்ளே கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, காகிதக் கட்டுகளின் மேல் படிந்த தூசியைத் துணியால் தட்டிக்கொண்டிருந்தார். ரயில் பாதையைத் தாண்டிக் கீழ வீதிக்கு வந்தேனோ இல்லையோ, நடராஜர் சந்நிதிக்கு வந்த ஜனக்கூட்டமும், ஹோட்டல் வாசலிலேயே மணத்த கத்தரிக்காய்க் கொத்சுமாக, கல்லூரி விடுமுறை என்ற சங்கதியே அந்த வீதிக்குத் தெரியாததுபோல் இருந்தது. உனக்கு வீடு அந்தப் பக்கத்தில் கிடைத்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஒரு நடை போய் வா. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே பிச்சாவரத்துக் கழிமுகம். நடுவிலே தாழ்ந்த பூமி. 2015-இல் வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது என்று தரகரிடம் விசாரிக்காமல், எதிர் வீட்டுப் பாட்டியிடம் விசாரி. ஆழ்குழாய்த் தண்ணீரையும் ஒரு வாய் குடித்துப் பார். உப்புக் கரித்தால் நாக்கே சொல்லிவிடும்.

உன் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உள்ள நிலையில், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருப்பது அவ்வூரின் பெரிய அனுகூலம். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முதலில் ஓராண்டு வாடகைக்கு இருங்கள். மே மாதம் நீ புறப்படும் தேதியை எழுது. நானும் உடன் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா