அன்பளிப்பாக வந்த நினைவு நாணயங்களும் ஜகாத்தும்

திருமணம், குழந்தைக்குப் பெயர் சூட்டுதல், பணி ஓய்வு முதலான வேளைகளில் ரொக்கத்திற்குப் பதிலாக நினைவு நாணயங்களை அன்பளிப்புச் செய்யும் வழக்கம் நம்மவர்களிடையே உண்டு. வெல்வெட் பெட்டியில் பதித்த நாணயச் செட்டைப் பெற்றவர் அதைச் செலவழிப்பதுமில்லை, விற்பதுமில்லை. பீரோவில் வைத்துப் பூட்டி விடுகிறார். ஜகாத் கணக்குப் பார்க்கும்போது நகை நினைவுக்கு வருகிறது. வங்கியிலுள்ள பணம் நினைவுக்கு வருகிறது. இந்தப் பெட்டி மட்டும் எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

சின்னாளப்பட்டியில் நாம் நடத்தி வரும் மஸ்அலா வகுப்பிற்கு ஒரு சகோதரி இவ்வாறு கேட்டனுப்பியிருந்தார்: "அது ஞாபகத்திற்காக வைத்திருக்கும் பொருள்தானே, ஹஜ்ரத்? பெட்டியில் மடித்து வைத்த சுங்குடிச் சேலையைப் போலத்தானே அதுவும் கிடக்கிறது? அதற்கும் ஜகாத் உண்டா?"

நியாயமான கேள்விதான். ஆனால் சேலையும் வெள்ளியும் சட்டத்தில் ஒன்றல்ல. சேலை வியாபாரத்திற்காக இருந்தால்தான் அதில் ஜகாத் வரும். தங்கமும் வெள்ளியும் அப்படியல்ல. அவை தம்மளவிலேயே ஜகாத்திற்குரிய பொருள்கள். விற்கும் எண்ணம் இல்லாவிடினும், நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளின் உரிமையாகி விடும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "இதை எதற்காக வைத்திருக்கிறோம்?" என்பதன்று; "இது எந்த உலோகம்?" என்பதேயாகும்.

நாணயத்திலுள்ள உலோகம்

சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள் 1964இல் நேருவின் உருவத்தோடு வெளிவந்தன. அவை நிக்கல் நாணயங்கள். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969இல் வந்த 10 ரூபாய் நாணயம், காந்திகிராமத்தை அடுத்து வாழும் நமக்கு அந்நியமானதன்று. அதன் எடை 15 கிராம். அதில் 80 சதவீதம், அதாவது 12 கிராம், சுத்த வெள்ளி. சுதந்திர வெள்ளி விழாவுக்காக 1972இல் வந்த 10 ரூபாயில் வெள்ளி பாதியே. பிற்காலத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி (2016), கலைஞர் மு. கருணாநிதி (2024) ஆகியோர் நினைவாக வந்த 100 ரூபாய் நாணயங்களின் எடை 35 கிராம். அவற்றில் வெள்ளி 50 சதவீதம், செம்பு 40 சதவீதம், நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து சதவீதம்.

"10 ரூபாய் என்றுதானே பொறித்திருக்கிறது, பத்து ரூபாயாகக் கணக்கிட்டால் போதாதா?" எனச் சிலர் எண்ணலாம். போதாது. வெள்ளியின் நிஸாபு எடையைக் கொண்டே அமைந்துள்ளது. பத்து திர்ஹம் ஏழு மிஸ்கால் எடை என்ற அளவே ஷரீஅத்தின் கணக்கிற்கு அடிப்படை.

கலப்பு வெள்ளியின் சட்டம்

ஹனஃபீ மத்ஹபில் வெள்ளி மிகுதியாக இருந்தால் முழு நாணயமும் வெள்ளியாகவே கொள்ளப்படும். எனவே காந்தி நாணயம் 15 கிராமும் கணக்கில் வரும். வெள்ளியும் கலப்பும் சரிபாதியாக இருந்தால் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேணுதலுக்காக ஜகாத் கடமை என்பதே தேர்ந்தெடுக்கப்பட்ட சொல். ஷாஃபிஈ மத்ஹபில் சுத்த வெள்ளியின் எடை மட்டுமே கணக்கிடப்படும்.

ஓர் உதாரணம் காண்போம். ஒருவரிடம் மேற்சொன்ன 100 ரூபாய் நாணயம் நான்கும், காந்தி நாணயம் இரண்டும், 450 கிராம் வெள்ளிக் கட்டியும் உள்ளன. வேறு தங்கமோ பணமோ இல்லை. ஹனஃபீ கணக்கில் நாணயங்கள் 140ம் 30ம் ஆக 170 கிராம். கட்டியோடு சேர்த்து 620 கிராம். நம் நாட்டு ஹனஃபீ உலமாக்கள் கூறும் நிஸாபு 612.36 கிராம் (ஐம்பத்திரண்டரை தோலா). எனவே ஜகாத் கடமை. கொடுக்க வேண்டியது பதினைந்தரை கிராம் வெள்ளி. ஷாஃபிஈ கணக்கில் நாணயங்களின் சுத்த வெள்ளி 70ம் 24ம் ஆக 94 கிராம், மொத்தம் 544. நிஸாபு 595 கிராம் என்பதால் கடமையில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியிலிருந்த நாணயங்கள்தாம் அந்த ஹனஃபீ சகோதரரை நிஸாபிற்குக் கொண்டுவந்தன. அதை மறந்திருந்தால் 450 கிராமிற்கு ஜகாத் இல்லையென்று நிம்மதியாக இருந்திருப்பார். ஹனஃபீ மத்ஹபில் தங்கம், வெள்ளி, ரொக்கம் எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப்படும் என்பதையும் மறத்தலாகாது.

வெள்ளியில்லாத நாணயங்கள்

நிக்கல், செம்பு நாணயங்கள் செல்லுபடியாகும் காசாக இருப்பின், அவற்றில் பொறித்த மதிப்பு ரொக்கத்தோடு சேரும். காந்தி நூற்றாண்டின் 20 காசு போன்றவை இப்போது காசல்ல; 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30க்குப் பின் செல்லாமற் போயின. அவை வெறும் பொருளே, ஜகாத் இல்லை. ஆனால் லாபத்திற்கு விற்கவென்றே நாணயங்களை விலைக்கு வாங்கிச் சேர்ப்பவருக்கு அவை வியாபாரச் சரக்கு. சந்தை விலைப்படி ஜகாத் உண்டு.

யாருடைய பொருள்?

அன்பளிப்பு யார் கைக்குச் சேர்ந்ததோ அது அவருக்கே சொந்தம். மணமகளுக்கு வந்த செட்டை அவள் சம்மதமின்றிக் கணவரோ மாமியாரோ எடுத்துப் பிறருக்கு வழங்குதல் கூடாது. அதன் ஜகாத்தும் அவள் கணக்கில்தான் சேரும். சிறு பிள்ளைக்கு வந்தது பிள்ளையின் சொத்து. ஹனஃபீ மத்ஹபில் பருவமடையாத பிள்ளையின் வெள்ளிக்கு ஜகாத் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் நிஸாபை அடைந்திருந்தால், பொறுப்பாளர் பிள்ளையின் பொருளிலிருந்து கொடுக்க வேண்டும்.

உருவம் பொறித்த காசு பற்றியும் சிலர் ஐயுறுகின்றனர். நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் புழங்கிய ரோம தீனார்களிலும் பாரசீக திர்ஹம்களிலும் மன்னர்களின் உருவங்கள் இருந்தன. உருவமற்ற தீனாரைக் கலீஃபா அப்துல் மலிக் வெளியிட்டது ஹிஜ்ரி 77இல்தான். எனவே வைத்திருப்பதில் குற்றமில்லை. சட்டம் போட்டுத் தொழுமிடத்தின் சுவரில் மாட்டுவதைத் தவிர்க்கவும்.

தாம் அணிந்திருந்த தங்க நகை, குர்ஆன் எச்சரிக்கும் புதையலில் சேருமா என உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கேட்டபோது, நிஸாபை அடைந்து ஜகாத் கொடுக்கப்பட்டது புதையலாகாது என நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதாக அபூதாவூதில் வந்துள்ளது. நினைவுப் பொருளைப் பேணுவதை மார்க்கம் தடுக்கவில்லை. அதிலுள்ள ஏழையின் பங்கைப் பூட்டி வைப்பதையே தடுக்கிறது. ஆகவே இவ்வாண்டு கணக்கெடுக்கும்போது அந்தப் பெட்டியையும் திறந்து, எடையும் உலோகமும் குறித்துக் கொள்ளுங்கள். விடுபட்ட ஆண்டுகள் இருப்பின் அவற்றையும் கணக்கிட்டுக் கொடுத்து விடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பொருள்களைத் தூய்மையாக்கி, அவற்றில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.