காற்றுப் பையில் புகுந்த ஈரம்

கார் மோதியவுடன் ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து ஒரு பை உப்பி, ஓட்டுநரின் முகத்தையும் மார்பையும் தாங்கிக்கொள்வதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 30 மில்லி செகண்டில் அது நிரம்பிவிட வேண்டும். பம்பு வைத்து இதைச் செய்ய முடியாது. ஆகவே ஓர் உலோகக் கலத்தில் வேதிப்பொருள் வில்லைகளை அடைத்து, மோதலின்போது அவற்றை எரியவைத்து வாயுவைப் பெறுகிறார்கள்.

ஜப்பானின் டகாட்டா நிறுவனம் இதற்கு அமோனியம் நைட்ரேட்டைத் தேர்ந்தெடுத்தது. மலிவான பொருள். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வெப்பநிலை மாறினால் படிக அமைப்பையும் பருமனையும் மாற்றிக்கொள்ளும். தூய உப்பில் 32° செ. அளவிலேயே இம்மாற்றம் நிகழ்கிறது. அதைக் கட்டுப்படுத்த வேறு உப்பைச் சேர்த்திருந்தும், ஈரமுறிஞ்சி வைக்கப்படாத கலங்களில் ஈரமும் பகல்-இரவு வெப்ப மாறுதலும் சேர்ந்து வில்லைகளைப் பல ஆண்டுகளில் சிதைத்தன.

சிதைந்தால் என்ன கேடு? விறகுக் கட்டையைவிடச் சுள்ளி விரைந்து எரிவதை நீங்கள் அறிவீர்கள். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 ச.செ.மீ. அதையே 1 மி.மீ. பக்கமுள்ள ஆயிரம் துண்டுகளாக்குங்கள். மொத்தப் பரப்பு 60 ச.செ.மீ. ஆகிவிடும். எடை மாறவில்லை, எரியும் பரப்போ பத்து மடங்கு! வாயு அளவுமீறிய வேகத்தில் பெருக, கலமே வெடித்து உலோகச் சில்லுகள் பாய்கின்றன. காக்க வந்த பையால் அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல் இறந்தனர்.

2008இல் சில ஆயிரம் கார்களோடு தொடங்கிய திரும்ப அழைப்பு, அந்நாட்டில் சுமார் 6 கோடியே 70 லட்சம் கலங்கள் வரை வளர்ந்தது. 2017 ஜூனில் டகாட்டா திவால் மனு அளித்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஃபுளோரிடா போன்ற பகுதிகளின் பழைய கார்களுக்கே முன்னுரிமை. ஏன் என்று உங்களுக்கே இப்போது விளங்கும்.

"எங்கள் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது?" என்று வீட்டில் கேட்பார்கள். மூடிய கலத்தினுள் விரிசல் விழுந்திருப்பதை ஓட்டிப் பார்த்து அறிய வழியே இல்லை. பதிவுச் சான்றிதழில் சேஸிஸ் எண் இருக்கும். இக்காலக் கார்களில் அது 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. அதைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் பதிந்தால், உங்கள் வண்டி பட்டியலில் உள்ளதா என்று தெரிந்துவிடும். இப்படி அழைக்கப்பட்ட வண்டியின் குறையைத் தயாரிப்பாளரே இலவசமாகச் சரிசெய்து தருவார். கைமாறி வாங்கிய வண்டியென்றால் அறிவிப்புக் கடிதம் பழைய உரிமையாளருக்குப் போயிருக்கலாம், கட்டாயம் பாருங்கள். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்துள்ளது. இருசக்கர வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பையை நீங்களோ தெருமுனை மெக்கானிக்கோ கழற்ற வேண்டாம். பயிற்சி பெற்றவர்கள் பாட்டரி இணைப்பைத் துண்டித்துச் சற்று நேரம் காத்திருந்த பிறகே அதில் கை வைப்பார்கள்.