மனையகத்தே ஒரு சிறு கடல்

நெய்தற்றிணையைப் பாடஞ் சொல்லும்போது கழியும் கானலும் அலவனும் வந்து போகின்றன. அலவன் என்பதற்கு நண்டு எனப் பொருள் எழுதிக்கொள்ளும் மாணவன், அந்நண்டு தண்டின்மீது கண்ணை உயர்த்திப் பார்ப்பதை நேரிற் கண்டிருப்பானோவெனின், கரையோரத்துப் பிள்ளைகளை நீக்கி ஏனையோர் கண்டிலர் என்றே சொல்லல் வேண்டும். கடல் சூழ்ந்த குடாநாட்டில் வாழும் நமக்கு இஃது ஒரு குறையே. அக்குறையை ஓரளவு நீக்கவல்லது, வீட்டிலோ வகுப்பறையிலோ வைத்துப் பேணத்தக்க சிறிய உவர்நீர்த் தொட்டி. தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நண்பர் வினவலாம். முந்நீர், உவரி, ஆழி, பரவை என்று பெயர்களை மனனஞ் செய்விப்போர், அப்பெயர்களுக்குரிய பொருளில் ஒரு குடமாவது காட்டுதல் தகாததன்று.

தொட்டி வைப்போர் பலர் முதலில் மீனைத் தேடிப் புறப்படுகின்றனர். முறை அதுவன்று. முதலில் நீர், அடுத்து அந்நீரைத் தூய்மை செய்யும் நுண்ணுயிர்கள், மீன் கடைசியிலேதான். இவ்வொழுங்கு பிறழுமாயின் மீன்கள் சில நாட்களில் இறந்துபடும், பிள்ளைகள் அழுவர், தொட்டி குசினியின் பின்புறத்தே வெங்காயம் போட்டுவைக்க உதவும்.

தொட்டி 30 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் உடையதாயின் ஏறத்தாழ 110 லீற்றர் கொள்ளும். சிறியது எளிது என்பது மயக்கம். நீர் குறையக் குறைய அதன் வெப்பமும் உப்பின் அளவும் விரைவில் மாறும். கடலுயிர்கள் தாங்காதது அம்மாற்றத்தையே. நீரும் மணலும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்து 120 கிலோகிராமுக்குக் குறையாதாகையால் உறுதியான மேடை வேண்டும். வெயில் நேரே படாத இடமாகவும் இருத்தல் வேண்டும். முற்காலத்து இரும்புச் சட்டத் தொட்டிகள் உவர்நீரில் துருவேறின. இக்காலத்தில் கண்ணாடித் தகடுகளைச் சிலிக்கோன் பசையாலேயே ஒட்டிவிடுகின்றனர். எவ்வுலோகமும் நீரிற் படலாகாது. சிறிதளவு செம்பும் இறாலுக்கும் நண்டுக்கும் நஞ்சாகும். ஆதலால் நீர் முகக்கச் செம்புக் குடத்தைத் தொடற்க.

இனி நீரை நோக்குவோம். கடனீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. யாழ்ப்பாணக் கடனீரேரியின் நீர் மாரியில் நன்னீர் கலந்து உப்புக் குறைந்தும், கோடையில் வற்றி உப்பு மிகுந்தும் நிற்பதால் நமது தேவைக்கு ஏற்றதன்று. பருத்தித்துறைப் பக்கத்துத் திறந்த கரையில், படகுகள் தரிக்கும் இடத்துக்கு அப்பால், மாரி தொடங்குமுன் முகந்து வருதல் நன்று. மூடிய பிளாத்திக்குப் பீப்பாவில் இரண்டு கிழமை இருளில் வைத்துத் தெளிந்த பின் துணியில் வடித்துக் கொள்க. நீர்மானி 1.023க்கும் 1.025க்கும் இடையே காட்டுமாயின் போதும்.

ஆனையிறவு உப்பைக் கிணற்று நீரிற் கரைத்தால் கடனீர் ஆகாதோ என்று மாணவர் கேட்பதுண்டு. நல்ல வினா. உப்பளத்தில் நீர் வற்றும்போது முதலிற் கல்சியங் காபனேற்றும், பின்னர்க் கல்சியஞ் சல்பேற்றும் படிகின்றன. அதன் பின்னரே கறியுப்பு விளைகின்றது. எஞ்சிய கைப்பு நீர் மகனீசிய உப்புக்களைத் தன்னுட் கொண்டு வெளியே போய்விடுகின்றது. கடலின் உப்புக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 78 பங்கே கறியுப்பாதலின், ஏனையவற்றை இழந்த அதனைக் கொண்டு கடலை மீட்டும் ஆக்கல் இயலாது. கடலுக்குச் சேய்மையில் வாழும் பழைய மாணவர், எல்லா உப்புக்களையும் அளவறிந்து கலந்து விற்கும் கடலுப்புக் கலவையை வாங்குதலே தக்கது.

அடியில் இரண்டங்குலக் கனத்துக்குக் கழுவிய பருமணலும், அதன்மேல் துளைகள் மிகுந்த சுண்ணக்கற்களும் வைக்க. நம்மவர் வளவுகளில் இக்கற்களுக்குப் பஞ்சமில்லை. கடலில் உயிரோடிருக்கும் முருகையைப் பெயர்த்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. சட்டமில்லாவிடினும் பெயர்க்கத் தகாதது.

இவ்வளவும் முடிந்தபின் காத்திருத்தல் வேண்டும். மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அழுகி அமோனியாவைத் தருகின்றன. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாகவும், வேறொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் மீனுக்குக் கொடிய நஞ்சு. மூன்றாவது அத்துணைக் கொடியதன்று. இப்பற்றீரியாக்கள் மணலிலும் கல்லிலும் படிந்து பெருக 4 முதல் 6 கிழமை செல்லும். அவற்றுக்கு முதலுணவாகப் பச்சை இறாற்றுண்டு ஒன்றைத் துணியில் முடிந்து தொங்கவிட்டுக் காற்றுப் பம்பியை இயக்கி வைக்க. கடையில் விற்கும் சோதனைத் திராவகத்தை ஒரு குழாய் நீரிற் சொட்டி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, இரண்டு நாளுக்கொருமுறை அளவைக் குறித்துவர வேண்டும். முதலில் அமோனியா ஏறி இறங்கும். அஃது இறங்குகையில் நைத்திரைற்று ஏறும். பின்னர் அதுவும் இறங்கும். சதுரக்கோட்டுத் தாளில் இவ்விரண்டையும் வரையும் மாணவன், புத்தகத்திற் படித்த நைதரசன் வட்டம் தன் கையால் உருப்பெறுவதைக் காண்பான். வெறுந்தொட்டியைக் காவல் காக்கின்றீரோ என்று அயலார் நகைப்பர், நகைக்கட்டும். இரண்டும் சுழியத்துக்கு வந்து அங்கேயே நிற்கும் நாள்வரை மீன் வேண்டா.

நீர் ஆவியாகும்; உப்பு ஆவியாகாது. 90 லீற்றரில் 9 லீற்றர் வற்றினால், 35 கிராமாயிருந்த உப்பு லீற்றருக்கு ஏறத்தாழ 39 கிராமாகிவிடும். ஆதலின் கண்ணாடியில் நீர்மட்டத்தைக் கோடிட்டு, குறைந்ததை நாடோறும் நன்னீரால் நிரப்புக, உவர்நீரால் அன்று. உரமிட்ட தோட்டங்களுக்கு அணித்தான நமது கிணறுகளில் நைத்திரேற்று மிகுதியாகையால், முதன்மழை கூரையைக் கழுவியபின் ஏந்திய மழைநீரே சிறந்தது.

வெப்பமான உவர்நீர் ஒட்சிசனைக் குறைவாகவே கொள்ளும். மின்சாரம் நின்றால் இரவிலேயே இடர் நேரலாம். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களை மறந்தவர் இலர். மின்கலத்தில் இயங்கும் சிறிய பம்பி ஒன்றைக் கைவசம் வைத்திருத்தல் வேண்டும். அதுவும் இல்லாதவிடத்துக் கையே துணை. 1846இல் கடற்கரையிலிருந்து முருகையுயிர்களை இலண்டனுக்குக் கொண்டுசென்று பேணிய ஆனா தைன் என்னும் அம்மையார், பம்பியில்லாத அந்நாளில், திறந்த சாளரத்தருகே நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறி மாறி ஊற்றச் செய்தே அவற்றைக் காத்தார். ஊற்றியவள் வீட்டு வேலைக்காரி என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை.

உயிர்களைத் தெரிதலில் அவாவை அடக்குக. இத்தொட்டிக்கு விரலளவான மீன்கள் மூன்று அல்லது நான்கு போதும். அவற்றையும் ஒருங்கே விடாது, கிழமைகள் இடையிட்டு ஒவ்வொன்றாக விடுக. தொட்டியிலேயே பொரிப்பித்து வளர்த்த கோமாளி மீன் தொடக்கத்துக்கு ஏற்றது. அவ்வினத்தில் யாவும் முதலில் ஆணாகவே இருந்து, கூட்டத்திற் பெரியது பெண்ணாக மாறுவது வியப்பு. ஓராவின் முள் நஞ்சுடையது. கூம்பு வடிவான சங்குகளுட் கொல்லும் நஞ்சுடையனவும் உள. கரையில் பொறுக்கும் பிள்ளைகளுக்கு இதனை முன்னரே சொல்லிவைத்தல் கடன். உணவை இரண்டு மூன்று நிமிடத்தில் உண்டு தீர்க்குமளவே இட்டு, எஞ்சியதை எடுத்துவிடுக. இரண்டு கிழமைக்கொருமுறை நீரில் பத்திலொரு பங்கைப் புதிய கடனீரால் மாற்றுக.

நம் மாணவர் பெரிதும் விரும்புவது மீனையன்று. வெற்றுச் சங்கினுட் புகுந்து வாழும் நண்டையே. அதனைத் துறவி நண்டென்பர். வளர வளரப் பெரிய வீடு தேடியலையும் அதற்கு அப்பெயர் எங்ஙனம் பொருந்துமோ! புதிய சங்கைக் கண்டால் முதலிற் காலால் உள்ளே துழாவி அளவெடுக்கும்; பின்னர்க் கணப்பொழுதில் தன் மெல்லிய வயிற்றை அதனுட் செருகிக்கொள்ளும். அதற்கென வெவ்வேறு அளவான வெற்றுச் சங்குகள் நான்கைந்தைத் தொட்டியின் முன்புறத்தே, பிள்ளைகள் கண்ணுக்கு எட்டுமாறு, இட்டுவைக்க.