நாலேகால் நிமிஷ நிதானம்



"வியாபாரிக்கு ஏது அமைதி?" என்று நம்மவர் பேசிக்கொள்வதை அன்றாடம் கேட்கிறோம். அது பொய்யான பேச்சும் அல்ல. விடிந்ததும் கடை திறந்தால் இரவு பத்துக்குத்தான் கதவு இறங்குகிறது. அதற்குள் சரக்கு வந்து அஞ்சடியில் இறங்கும். வாடகைக்கு ஆள் வரும். கொடுக்கல் வாங்கல் கணக்கு வரும். கைப்பேசி ஓயாமல் மணியடிக்கும். "ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்தால்தான் மனம் ஆறும்" என்கிறோம். ஊருக்குப் போனாலோ கல்யாண வீடு, பாகப்பிரிவினை, வந்தவர் போனவர் என்று அந்த மாதமும் கரைந்துவிடுகிறது. ஆகவே அமைதியைத் தூரத்தில் தேடுவதை விட்டு, நாம் இருக்கும் இடத்திலேயே அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் மார்க்கம் வியாபாரத்தை அமைதிக்குப் பகையாக வைக்கவில்லை. திருக்குர்ஆனில் 24-வது அத்தியாயமாகிய சூரத்துந் நூரின் 37-வது ஆயத்து, வியாபாரமும் விற்பனையும் அல்லாஹ்வின் நினைவை மறக்கடித்துவிடாத மனிதர்களைப் புகழ்கிறது. வியாபாரம் செய்யாதவர்களை அல்ல, செய்துகொண்டே மறவாதவர்களை என்பதைக் கவனிக்க வேண்டும். 62-வது அத்தியாயமாகிய சூரத்துல் ஜுமுஆவும் அப்படியே. ஜுமுஆவின் அழைப்புக் கேட்டதும் விற்பனையை விடச் சொல்லும் அதே இடம், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவனுடைய அருளைத் தேடச் சொல்கிறது. நிறுத்து, பிறகு தொடங்கு என்பதே நமக்குச் சொல்லப்பட்ட முறை.

நம் முன்னோர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். பினாங்கில் 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826-இல் நிறுவப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் எழவில்லை. வணிகர் நடமாடும் இடத்தில் எழுந்தன. பாங்கு கேட்டதும் பெட்டியடியை விட்டு எழுந்து, நடந்தே போய்த் தொழுதுவிட்டுத் திரும்பலாம். அமைதியைக் கூப்பிடு தூரத்திலே கட்டி வைத்துவிட்டுப் போனார்கள் அந்தப் பெரியவர்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தொழுகையைக் கொண்டு தங்களுக்கு இளைப்பாறுதல் தருமாறு பிலால் (ரலி) அவர்களிடம் சொன்னதாக அபூதாவூது கிரந்தத்தில் ஹதீஸ் வருகிறது. நம்மில் பலரோ, "சீக்கிரம் தொழுது முடித்துவிட்டுச் சற்று இளைப்பாறலாம்" என்கிறோம். இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்! நாயகம் அவர்கள் தொழுகையிலே இளைப்பாறினார்கள். நாம் தொழுகையிலிருந்து இளைப்பாறப் பார்க்கிறோம்.

இந்தத் தூரம் எதனால் வந்தது? அவசரத்தால் வந்தது. புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஒரு ஹதீஸை மதரஸாவில் ஓதிய யாவரும் கேட்டிருப்பார்கள். ஒருவர் பள்ளிக்குள் வந்து தொழுதுவிட்டு நாயகம் அவர்களுக்கு ஸலாம் சொன்னார். பதில் ஸலாம் சொன்ன நாயகம் அவர்கள், அவர் தொழவில்லை என்றும், திரும்பப் போய்த் தொழும்படியும் சொன்னார்கள். இப்படி மூன்று தடவை நடந்தது. தமக்கு இதைவிட நன்றாகத் தெரியாது, கற்றுத்தாருங்கள் என்று அவர் வேண்டியபோது, ருகூவில் அமைதி கொள்ளும் வரை குனிந்திருக்கவும், நேராகும் வரை நிமிரவும், ஸஜ்தாவில் அமைதி கொள்ளும் வரை இருக்கவும் கற்றுக்கொடுத்தார்கள்.

இந்த அமைதிக்குத்தான் துமஃனீனத் என்று பெயர். உறுப்புகள் அசைவு அடங்கி, ஒரு 'சுப்ஹானல்லாஹ்' சொல்லும் நேரமாவது நிலைகொள்வது. ஷாபிஈ மத்ஹபில் இது பர்ளு. இது இல்லையேல் தொழுகையே கூடாது. ஹனபி மத்ஹபில் இது வாஜிபு. ஆகவே அமைதி என்பது ஓய்வாக இருப்பவருக்கு மட்டும் கிடைக்கும் சொகுசு அல்ல; நம்மீது கடமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. இதைவிட வேறு என்ன வேண்டும்?

நாம் வியாபாரிகள், கணக்காகவே பார்த்துவிடுவோம். ஒரு நாளைக்கு பர்ளான ரக்அத்துகள் 17. ருகூஃ 17, ஸஜ்தா 34, ஆகக் கூடுதல் 51. ஒவ்வொன்றிலும் இப்போது இருப்பதைவிட ஐந்து விநாடி அதிகம் தங்குவோம் என்று வையுங்கள். 51-ஐ ஐந்தால் பெருக்கினால் 255 விநாடி. அதாவது நாலேகால் நிமிஷம். நாளுக்கு 1,440 நிமிஷம் உண்டு. ஒரு வாடிக்கைக்காரர் விலை பேசிவிட்டு வாங்காமலே போவதற்கு இதைவிட அதிக நேரம் பிடிக்கிறது! இந்த நாலேகால் நிமிஷத்தை மிச்சம்பிடித்து யாராவது மாளிகை கட்டியதுண்டா? அதைச் செலவிட்டு யாராவது கடையை இழந்ததுண்டா?

"எல்லாம் சரி, லுஹர் நேரத்தில்தான் எங்கள் கடையில் கூட்டம் அலைமோதுகிறதே" என்று சாப்பாட்டுக்கடைச் சகோதரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளி வைத்தன. அதிலிருந்து லுஹர் பகல் ஒரு மணியை ஒட்டி, சரியாகச் சோற்று நேரத்தில் வந்து நிற்கிறது. ஆனால் லுஹர் வக்து அஸர் வரை சுமார் மூன்று மணி நேரம் நீள்கிறது. கூட்டத்தின் நடுவில் ஓடிப்போய்க் குத்தித் தொழுதுவிட்டு வருவதைவிட, ஒன்றரைக்கு ஒருவர், இரண்டுக்கு ஒருவர், இரண்டரைக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டால் யாருக்கும் பதற்றமில்லை. மஃரிபுக்கு அந்த விசாலம் இல்லை. இஷாவுக்கு முன் சுமார் ஒன்றேகால் மணி நேரந்தான். ஆகவே மஃரிபு முறையை முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவது நல்லது.

இனி, இன்றே தொடங்கக்கூடிய சில காரியங்கள்.

ஒன்று, ஒளுச் செய்யப் போகும்போது கைப்பேசியைப் பெட்டியடியிலேயே வைத்துவிடுங்கள். குழாயைச் சிறிதாகத் திறந்து, ஒவ்வோர் உறுப்பாக நிதானமாகக் கழுவுங்கள். அமைதி அங்கேயே தொடங்குகிறது.

இரண்டு, ஸலாம் கொடுத்த உடனே எழாதீர்கள். சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. நாளெல்லாம் நோட்டு எண்ணும் விரல்கள் இரண்டு மூன்று நிமிஷம் இதையும் எண்ணட்டும்.

மூன்று, காலையில் பூட்டில் சாவி போடும் முன் ஒரு பிஸ்மி, இரவில் கதவை இறக்கிய பின் ஓர் அல்ஹம்து. விற்றது குறைவோ நிறைவோ, அன்றைய ஏடு அத்துடன் மூடப்படட்டும். அதை வீட்டுக்குச் சுமந்துபோய் மனைவி மக்கள் தலையில் இறக்க வேண்டாம்.

நான்கு, இதுவே முக்கியம். நமக்குக் கிடைக்கும் அமைதி நம் கடைப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். வீடு வாசலை விட்டுக் கடல் கடந்து வந்து, காலையிலிருந்து நின்றபடி வேலை செய்கிறார்கள். முதலாளி முன் வரிசையில் நிதானமாக ஸஜ்தாவில் இருக்க, அவருடைய பையன் கடையில் வக்து போகிறதே என்று தவித்துக்கொண்டிருந்தால், அந்த முதலாளியின் கணக்கு எப்படி நேராகும்? வேலையாள் தொழப் போனால் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். "மெதுவாக வா, தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். அவன் திரும்பி வந்து செய்யும் வேலையிலே அதன் பலனைக் காண்பீர்கள்.

சகோதரர்களே, அவசரம் கைக்கு வந்தால் நிறுவை தவறும். நாவுக்கு வந்தால் வாடிக்கைக்காரர் மனம் நோகும். தொழுகைக்கே வந்துவிட்டால் பிறகு அதை எங்கே போய் இறக்கி வைப்பது? ஆகவே நாளையென்று தள்ளாமல், அடுத்த வக்திலிருந்தே அந்த ஐந்து விநாடியைக் கூட்டிப் பார்ப்போம்.

வல்ல நாயன் நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம் உள்ளங்களில் அமைதியையும் தந்தருள்வானாக. ஆமீன்.