இன்னிசையா, இரைச்சலா? ஒலியியல் வகுப்பில் ஒரு கேள்வி

எட்டாம் வகுப்பில் ஒலியியல் பாடத்தைத் தொடங்குவதற்கு முந்தைய நாள் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பது என் வழக்கம். "நீங்க இதுவரைக்கும் கேட்டதிலேயே ரொம்ப அழகான இசை எது? நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு சொல்லணும்." சினிமாப் பாட்டுதான் வரும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். சென்ற ஆண்டு பாட்டியின் தாலாட்டு வந்தது. கோயில் திருவிழா நாகசுரம், ஐஸ் வண்டி மணி எல்லாம் வந்தன. ஒரு மாணவி, "ரெண்டு நாள் கரண்ட் இல்லாம இருந்து எங்க வயல் மோட்டார் ஓட ஆரம்பிக்கிற சத்தம்" என்றாள். வகுப்பே ஆமோதித்தது.

கரும்பலகையின் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் 'இன்னிசை', மறுபக்கம் 'இரைச்சல்' என்று எழுதியிருந்தேன். ஒழுங்கான அதிர்வுகள் இன்னிசை, ஒழுங்கற்ற அதிர்வுகள் இரைச்சல் என்பது நாம் காலம்காலமாக நடத்தி வரும் வரையறை. மாணவர்கள் சொல்வதை அந்தந்தக் கட்டத்தில் எழுதி, அதிலிருந்து வரையறைக்குப் போவது என் திட்டம்.

மூன்றாம் வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "எங்கப்பா அடிக்கிற பறை சார்" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். "அது சாவுக்கு அடிக்கிறது சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதட்டினேன். ஆனால் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் சாக்பீசுடன் ஒரு நொடி நின்றுவிட்டேன். அவனே சொன்னான்: "இரைச்சல்லயே போடுங்க சார். ஒழுங்கில்லாத அதிர்வுதானே?"

போட்டேன். மணி அடித்துவிட்டது.

அன்று மாலை முழுவதும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் வரையறையைச் சரியாகத்தான் பொருத்தியிருந்தான். அதனால் ஆறுதல் சொல்லிச் சமாளிக்கும் விஷயம் இல்லை இது. "எல்லா இசையும் உயர்ந்ததுதான் தம்பி" என்று சொன்னால், சாருக்குப் பதில் தெரியவில்லை என்றுதான் அவன் புரிந்துகொள்வான். அவன் கேட்டது அறிவியல் கேள்வி. பதிலும் அறிவியலாகவே இருக்க வேண்டும்.

தேடிப் படித்தபோது சர் சி.வி. ராமனிடம் போய் நின்றேன். ராமன் விளைவுக்கு முன்பே அவர் இசைக்கருவிகளை ஆராய்ந்தவர். 1920இல் நேச்சர் இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து நம் ஊர்த் தோல் கருவிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1934இல் அதை விரிவாக்கினார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி என் மாணவனின் கேள்விக்குப் பக்கத்து வீடு.

வீணைக் கம்பியை மீட்டினால் ஓர் அதிர்வெண் மட்டும் பிறப்பதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களும் கூடவே பிறக்கின்றன. எல்லாம் முழு எண் மடங்குகள் என்பதால் காது அவற்றை ஒரே சுரமாகக் கேட்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோல் அப்படி அல்ல. அதில் பிறக்கும் மேல் அதிர்வெண்கள் ஏறத்தாழ 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒன்றோடொன்று பொருந்தாமல் வரும். அதனால்தான் பெரும்பாலான தோல் கருவிகளில் 'இது ச, இது ப' என்று சுரத்தைத் தெளிவாகப் பிடிக்க முடிவதில்லை. மிருதங்கம் விதிவிலக்கு. அதன் வலந்தலையின் நடுவில் கல்பொடியையும் சோற்றையும் அரைத்துப் படிப்படியாகப் பூசும் கருப்பு வட்டம் தோலின் நடுப்பகுதிக்குப் பாரம் ஏற்றுகிறது. அந்தப் பாரம் சரியாக அமைந்தால், தோலின் முதல் ஒன்பது அதிர்வு முறைகளும் சேர்ந்து ஐந்து முழு எண் மடங்குகளில் வந்து நிற்கின்றன என்று ராமன் காட்டினார். தோல்மேல் மணலைத் தூவி, எந்த இடம் அதிர்கிறது, எந்த இடம் அசையாமல் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கண்டறிந்தார். ஆய்வகமே இல்லாமல், காதை மட்டும் நம்பி அந்தக் கருப்பு வட்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் தோலோடு வேலை செய்தவர்கள். அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை.

பறையில் அந்த வட்டம் கிடையாது. அப்படியானால் அது இரைச்சல்தானா? இங்கேதான் வரையறையைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'ஒழுங்கு' என்று நாம் சொல்வது ஒரே ஓர் அடிக்குள் நடக்கும் அதிர்வின் ஒழுங்கை. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள இடைவெளியில் இன்னோர் ஒழுங்கு இருக்கிறது. தாளம் என்பது அது. வரையறை அதைத் தொடுவதே இல்லை.

மறுநாள் வகுப்பில் பறையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கைப்பேசியில் ஒலி அலையை வரைந்து காட்டும் இலவசச் செயலி ஒன்றைத் திறந்து, ஒரு மாணவியை 'ஆ' என்று நீட்டிச் சொல்லச் சொன்னேன். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தது. அடுத்து 'ஸ்ஸ்' என்று சொல்லச் சொன்னேன். கோடு கன்னாபின்னாவென்று ஓடியது. "இது எந்தக் கட்டம்?" "இரைச்சல் சார்!" "சரி, உங்களுக்குப் பிடிச்ச பாட்டை ஸ, ச, ஷ எதுவும் இல்லாமப் பாடுங்க." பாடிப் பார்த்துச் சிரித்தார்கள். ஜால்ராவைத் தட்டினோம். அதுவும் இரைச்சல் கட்டத்துக்கே போனது. ஜால்ரா இல்லாத பஜனை உண்டா என்று கேட்டேன். கரும்பலகைக் கோடு அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது.

அதற்குப் பிறகுதான் தோலுக்கு வந்தோம். பால்பவுடர் டின்னின் வாயில் பலூனை வெட்டி இழுத்துக் கட்டி, மேலே கொஞ்சம் ரவையைத் தூவி, பக்கத்தில் உரக்க 'ஊ' என்று சொன்னால் ரவை துள்ளும். பலூனை இன்னும் இறுக்கித் தட்டினால் ஒலி மேலே போகும். அதிர்வெண் இரு மடங்காக வேண்டுமென்றால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். பலூனின் நடுவில் சின்ன உருண்டை மாவை ஒட்டித் தட்டச் சொன்னேன். ஒலி தாழ்ந்தது. ராமனின் கதையை அங்கே சொன்னேன். செலவு பத்து ரூபாய்கூட ஆகவில்லை.

இதற்கிடையில் அந்த மாணவனின் வீட்டுக்கு ஒரு மாலை போயிருந்தேன். இதைச் சக ஆசிரியர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "உங்கப்பாவைக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிடக் கூடாது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் பிள்ளை மறுபடி எல்லார் முன்னாலும் காட்சிப்பொருளாவான். முதலில் அவனிடம் தனியாகக் கேட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் சரி என்றான். அவன் அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பள்ளிக்கூடத்துக்குள்ள அதை எடுத்துட்டு வரலாமா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதே நினைவில்லை. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன் என்று மட்டும் சொன்ன ஞாபகம்.

அவர் வந்தார். மைதானத்தில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவதற்கு முன் ஒருமுறை தட்டச் சொன்னேன். காய்ச்சிய பின் மறுபடி. ஈரம் போய்த் தோல் இறுகுகிறது, அதிர்வெண் ஏறுகிறது. பாடம் அவ்வளவுதான். செயலியில் எண் ஏறியதைப் படித்துச் சொன்னவன் அந்த மாணவன்தான். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி. நடுவில் விழும் அடிக்கு ஒரு குரல், ஓரத்தில் விழுவதற்கு வேறு குரல். பிறகு ஐந்து நிமிடம் அடித்தார். முன்பு சிரித்தவர்களில் ஒருவன் இடைவெளிகளை எண்ண முயன்று இரண்டு முறை தப்பவிட்டான். தமிழாசிரியையும் வந்திருந்தார். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்திருப்பதையும், பறை என்ற சொல்லுக்கே 'சொல்' என்ற பொருள் இருப்பதையும் அங்கேயே நின்று சொன்னார். திட்டமிடாத பாட இணைப்பு அது.

தேர்வில் என்ன எழுதுவது என்று மாணவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வரையறையை அப்படியே எழுதுங்கள், அது அதிர்வைப் பற்றியது, அழகைப் பற்றியது அல்ல என்றேன். எடுத்துக்காட்டுக் கேட்டால் இரைச்சலுக்குப் போக்குவரத்து ஒலியையும் தொழிற்சாலை ஒலியையும் எழுதச் சொன்னேன்.

மோட்டார் சத்தம் சொன்ன மாணவி அதை ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப எங்க மோட்டார் சார்?" என்றாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. முடிவு எட்டவில்லை. இந்த ஆண்டு அதே பாடம் அடுத்த வாரம் தொடங்குகிறது. கரும்பலகையில் கோட்டை முதல் நாளே போடுவதா, பிள்ளைகள் எல்லாரும் சொல்லி முடித்த பிறகு போடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.